ஒற்றைக்கண் ஆட்டுத் துறை

ஒடிலியாவுக்கு வாய் சும்மா இருக்காது. எதைப் பார்த்தாலும் ஒரு பேர் வைத்துவிடுவாள். குவாஹிரா தீபகற்பத்தின் வடமுனையில், அதற்குமேல் போக நிலம் இல்லாத இடத்தில், விரிகுடாக் கரையோரமாக அவளுடைய பந்தலும் படகும் இருக்கின்றன. நகரத்திலிருந்து ஜீப்பில் வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு போய்ப் பூநாரைகளையும் அலையாத்திக் காட்டையும் மணல்மேடுகளையும் காட்டி, பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து விடுவதுதான் பிழைப்பு. அடையாள அட்டைப்படி அவள் பிறந்தது டிசம்பர் முப்பத்தொன்று. அவள் ஊரில் பாதிப்பேர் அன்றைக்குத்தான் பிறந்திருக்கிறார்கள். அட்டை எழுத வந்தவருக்கு என்ன அவசரமோ.

சின்ன வயதில் ஆடு மேய்த்தாள். வயதுக்கு வந்ததும் வழக்கப்படி அவளை வீட்டுக்குள் வைத்துத் தூளி நெய்யச் சொல்லிக் கொடுத்தார்கள். வரவில்லை. அவள் நெய்த முதல் தூளியில் படுத்தவர் தாய்மாமன் சிஸ்தோ. நடு இரவில் தரையில் கிடந்தார். அப்புறம் எல்லை தாண்டி மரக்காய்போவுக்கு வீட்டுவேலைக்குப் போனாள். ஸ்பானிஷ் அங்கேதான் படிந்தது, பெரும்பாலும் எசமானியம்மாவின் திட்டு வழியாக. அங்கேயே ஒரு மீன்காரனைக் கட்டிக்கொண்டாள். அவன் இன்னொருத்தியையும் கட்டிக்கொண்டபோது, அவனை விட்டுவிட்டு அவனுடைய படகு மோட்டாரைக் கழற்றித் தோளில் தூக்கிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தாள். அந்தக் கல்யாணத்தில் உருப்படியான பாதியைத்தான் என் மருமகள் கொண்டுவந்திருக்கிறாள் என்று சிஸ்தோ இன்றும் சொல்வார்.

அவள் மோட்டாரோடு வந்து இறங்கிய நாளில் ஊரே வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்தது. ஒரு கேள்வியும் கேட்காமல் உள்ளே கூப்பிட்டு, மக்காச்சோளக் கஞ்சி கொடுத்து, தோளில் மோட்டார் அழுத்தி ரத்தம் கட்டியிருந்த இடத்தில் ஆட்டுக்கொழுப்பைத் தேய்த்துவிட்டவள் பெர்னார்தா ஒருத்திதான். ஒடிலியாவைவிடப் பெரியவள், பேச்சுக் குறைவு, எங்கள் வயூ இனத்து மொழி தவிர வேறு தெரியாது. அன்றிலிருந்து ஒடிலியாவுக்கு அவள் அக்கா. கூடப் பிறந்த அக்காக்களோடு சண்டை போட்டால்கூட ஒடிலியா நியாயம் கேட்கப் பெர்னார்தாவிடம்தான் போவாள்.

பொம்பளை ஓட்டுகிற படகில் எவன் ஏறுவான் என்று ஆண்கள் சிரித்தார்கள். ஊர்க்காரன் ஒருத்தனும் ஏறவில்லைதான். ஆனால் வெளியூர்க்காரர்கள் வரத் தொடங்கியதும் அவர்களுக்கு அவளைத்தான் பிடித்தது, காரணம் அவளுடைய வாய். வருகிறவர்கள் எல்லாருக்கும் ஒரே வியாதி. எதைக் கண்டாலும் இதற்குப் பேர் என்ன என்று கேட்பார்கள். பேர் இல்லை என்று சொன்னால் முகம் விழுந்துவிடும். பேரில்லாத பாறையை யாரும் போட்டோ எடுப்பதில்லை. ஒடிலியா இதை முதல் வாரத்திலேயே புரிந்துகொண்டாள். வயூ மொழியில் பேர் இருந்தால் அதைச் சொன்னாள். இல்லாவிட்டால் அந்த நிமிஷத்தில் வாயில் வந்ததைச் சொன்னாள். கூழைக்கடா உட்கார்ந்து எச்சமிட்டு வெளுத்துப்போன பாறை ‘கிழவன் தலை’ ஆனது. மணல்மேட்டின் செங்குத்தான இறக்கம் ‘மாமியார் முதுகு’. ஏன் அப்படி என்று கேட்டால், ஏறினால்தான் தெரியும் என்பாள்.

மணல்மேடுகளுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னத் துறை இருக்கிறது. நாலு படகு இழுத்துப் போட்டால் நிறைந்துவிடும். தண்ணீர் அசையாது, அடிமணல் தெரியும், கரையில் நிழலுக்கு ஒரு பாறைக் குடை. அதற்கென்று பழைய பேர் எதுவும் கிடையாது. அவ்வளவு சின்ன இடத்துக்கு யார் பேர் வைத்தார்கள். பெர்னார்தாவின் மகன் அங்கேதான் தன் படகை இழுத்துப் போடுவான். மூச்சடக்கிக் கீழே போய்ச் சிங்கி இறால் எடுக்கிறவன். அவன் பேரையும் துறையையும் சேர்த்து இன்னார் துறை என்று ஒடிலியா சொல்ல ஆரம்பித்தாள், மற்றவர்களும் சொன்னார்கள்.

அவன் பேரை இங்கே எழுதுவதற்கில்லை. அவன் செத்துவிட்டான், பெற்றவள் இருக்கிறாள். செத்தவர் பேரை அவருடைய ஆட்கள் காதில் விழும்படி சொல்வது எங்கள் பக்கத்தில் கையை நீட்டி அடித்ததற்குச் சமம். அடித்தவன் அபராதமாக ஆடு கட்டுவதுபோலச் சொன்னவனும் கட்ட வேண்டும்.

அவன் உயிரோடு இருந்த காலத்தில், ஒரு தாடிக்காரன் படகில் வந்தான். துறையைப் பார்த்துச் சொக்கிப்போய், பேர் கேட்டு, கைபேசியின் வரைபடத்தில் அதைக் குறித்தான். எழுத்துக்கூட்டிச் சொன்னவள் ஒடிலியாதான். எழுத்துக்கு எழுத்து சொன்னாள், அவன் தப்பாகப் போட்டதைத் திருத்தவும் செய்தாள். பெர்னார்தாவின் மகன் அப்போது இறாலை உலுக்கிக்கொண்டு பக்கத்தில்தான் நின்றான். தன் பேரில் ஒரு ஊரே ஆகிவிட்டது, இனி வரி வாங்கலாம் என்று சிரித்தான். படமும் எடுத்துக்கொண்டான். எல்லாருக்கும் அன்றைக்குச் சந்தோஷம்.

பின்னால் ஒரு மழைக்காலத்தில், ஊரிபியாச் சந்தையிலிருந்து திரும்பிய லாரி சேற்றில் சறுக்கிக் கவிழ்ந்தது. மேலே மூட்டைகள்மீது உட்கார்ந்து வந்தவர்களில் அவன் ஒருவன்தான் போனான். சாவு வீட்டில் ஒடிலியா முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு பெர்னார்தாவின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். அழாத நேரத்தில் வந்தவர்களுக்கு ஆட்டுக்கறி வறுத்துப் போட்டாள். அதோடு அந்தப் பேர் ஊரில் அடங்கிவிட்டது. துறைக்குப் போக வேண்டியிருந்தால் ‘அந்தப் பக்கம்’ என்றுதான் ஒடிலியா சொல்வாள். அவ்வளவு கவனமாக இருந்தாள். ஆனால் கைபேசிக்கு யாரும் சாவுச் செய்தி சொல்லவில்லை.

விரிகுடாவுக்கு வரும் பாதை ஒன்றே ஒன்று. அது பெர்னார்தாவின் வேலியை ஒட்டிப் போகிறது. எல்லா வீட்டுக்காரர்களையும் போல அவளும் பாதைக்குக் குறுக்கே ஒரு கயிறு கட்டி, முனையைக் கையில் பிடித்துக்கொண்டு நிழலில் உட்கார்ந்திருப்பாள். ஜீப் வந்தால் பிஸ்கட்டோ காப்பித்தூளோ குடிதண்ணீரோ கொடுப்பார்கள், கயிறு இறங்கும். மகன் போன பிறகு கொஞ்ச காலம் கயிறு வெறுமனே புழுதியில் கிடந்தது. பிறகு ஒரு நாள் வந்து உட்கார்ந்தாள். வீட்டுக்குள் இருக்க முடியவில்லை போலிருக்கிறது.

ஒரு காலையில் வந்த ஜீப்பை ஓட்டியவன் புதிய ஆள், வயூ இல்லை. பின்னால் இருந்த பெண் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, கைபேசியைக் காட்டி, பெர்னார்தாவின் மகன் பேரைச் சொல்லி, எங்கே என்று கேட்டாள். பெர்னார்தாவுக்கு ஸ்பானிஷ் தெரியாது. ஆனால் பேர் எந்த மொழியிலும் பேர்தானே. தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று எழுந்து கிட்டே போனாள். காது மந்தம் போல என்று நினைத்து அந்தப் பெண் இன்னும் சத்தமாக, சிரித்துக்கொண்டே, மறுபடி சொன்னாள். பெர்னார்தா கயிற்றைக் கீழே போட்டாள், தலைத்துணியை முகத்தின் மேல் இழுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள். அன்று சாயங்காலம்வரை வெளியே வரவில்லை. மறுநாள் இன்னொரு ஜீப் வந்து அதையே கேட்டது.

சொல்காரர் மத்தியாஸ் ஒடிலியாவின் பந்தலுக்கு வந்தது அந்த வாரம்தான். இரண்டு வீட்டுக்கு இடையில் மனத்தாங்கல் வந்தால் அவர்கள் நேரில் பேசிக்கொள்ளக் கூடாது. ஒரு வீட்டுச் சொல்லை இன்னொரு வீட்டுக்குச் சுமந்துகொண்டு போக ஒரு ஆள் வேண்டும். மத்தியாஸுக்கு அதுதான் வேலை. கைத்தடியைத் தூணில் சாய்த்தார், காப்பியை முழுசாகக் குடித்து முடித்தார். சிஸ்தோவும் வந்து உட்கார்ந்த பிறகே வாயைத் திறந்தார்.

“பெர்னார்தா வீட்டுச் சொல்லை எடுத்துட்டு வந்திருக்கேன் ஒடிலியா. அவ அண்ணன் எலியாசர் குடுத்து அனுப்பினது. கோவம் அவங்களோடது. நான் சுமந்துட்டு மட்டும்தான் வந்தேன்.”

அவன் போன நாளிலிருந்து ஒரு தடவைகூடத் தன் வாயால் அந்தப் பேரைச் சொன்னதில்லை என்றாள் ஒடிலியா. சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

“உன் வாய் சொல்லலம்மா. நீ சொல்லிக் குடுத்த வாய் சொல்லுது. ஆட்டைக் கட்டாம விட்டவன், அடுத்தவன் கொல்லையில மேஞ்சது நான் இல்லைன்னு சொன்னா ஒத்துக்குவியா?”

சிஸ்தோவுக்குப் பொறுக்கவில்லை. போனில் இருப்பதற்கெல்லாம் ஆடு கட்டுவதென்றால் இந்தத் தீபகற்பத்து மந்தை பத்தாது என்றார். மத்தியாஸ் அதைக் காதில் வாங்காதவர் மாதிரி இன்னொரு காப்பி கேட்டார். பேச்சு இழுத்தது. கடைசியில் ஆடுகளும், ஒடிலியாவின் அம்மா விட்டுப்போன சிவப்புக்கல் மாலையும் என்று முடிந்தது. மாலையைக் கழற்றிக் கொடுக்க ஒடிலியா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. சிஸ்தோதான் அதன் பின்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனால் அதோடு தீரவில்லை. நேற்றுச் சொன்னதற்குத்தான் இது; நாளைக்கு வருகிறவன் சொன்னால் அது புதுக் குற்றம். அந்தப் பேர் கயிற்றடியில் கேட்காது என்று உறுதியாகும்வரை பாதை திறக்காது என்பது எலியாசரின் சொல். மறுநாளே அவரும் மருமக்களும் கள்ளிமரத் துண்டுகளை இழுத்து வந்து பாதையை அடைத்துவிட்டார்கள். ஜீப்புகள் அடைப்பைப் பார்த்துவிட்டு வேறு விரிகுடாவுக்குத் திரும்பின. ஒடிலியாவின் படகு கரையில் காய்ந்தது. இப்படியே ஒரு பருவம் போனால் படகை விற்க வேண்டும், மறுபடி யார் வீட்டிலாவது பாத்திரம் தேய்க்க வேண்டும். அவளுக்கு அது தெரியும்.

அதைவிடப் பெரிய வேதனை, வேலிக்கு அந்தப் பக்கம் பெர்னார்தா தண்ணீர்க்குடத்தோடு போவது இங்கிருந்தே தெரிகிறது, ஆனால் ஒரு வார்த்தை பேச வழியில்லை. வழக்கு நடக்கும்போது பேசினால் அது இன்னொரு வழக்கு. நியாயம் கேட்கப் போகிற இடமே அடைபட்டுப் போனதில் ஒடிலியா திணறிப்போனாள். உன் மகன் பேரை விற்றுப் பிழைக்கிறேன் என்று நினைத்துவிடாதே அக்கா என்று சொல்ல வேண்டும்போல இருந்தது. மத்தியாஸிடம் அதைச் சொல்லி அனுப்பலாம்தான். அவர் வாயில் அது வேறு மாதிரி ஆகிவிடும்.

அடைப்பைச் சுற்றி நடந்து, ஆடு ஏற்றிய லாரியில் இடம் பிடித்து ஊரிபியாவுக்குப் போனாள். சிஸ்தோவும் கூட வந்தார். மத்தியாஸும் வேறு ஒரு வழக்கு விஷயமாக அதே லாரியில் வந்தார். சந்தை முனையில் யானெத் என்பவள் கைபேசி பழுது பார்க்கிறாள். வாயில் திருப்புளியைக் கவ்விக்கொண்டே முழுக் கதையையும் கேட்டாள். அவளும் வயூ என்பதால் விளக்க வேண்டியிருக்கவில்லை. வரைபடத்தைத் திறந்து, அந்தப் பேரைப் பார்த்து, வாய்விட்டுப் படிக்காமல் தலையை மட்டும் ஆட்டினாள்.

“நான் ஒருத்தி அழின்னா இது அழிக்காதுக்கா. நிறையப் பேர் சொல்லணும். அதுவும் வெறுமனே எடுத்துடுன்னா கேக்க மாட்டேங்குது. பேர் தப்பு, சரியான பேர் இதுன்னு சொன்னா சீக்கிரம் கேக்கும். என்ன பேர் போடட்டும்?”

ஒடிலியா முழித்தாள். பார்த்த பாறைக்கெல்லாம் பேர் வைத்தவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. உன் பேரையே வை என்று சிஸ்தோ சொன்னார். மத்தியாஸ் உடனே கையை உயர்த்தினார். “இவளும் ஒரு நாள் போவா. அப்புறம் இவ அக்கா மக்க வந்து, எங்க சித்தி பேரைக் கண்டவன் சொல்றான்னு என்னைத்தான் கூப்பிடுவாங்க.” ஏதாவது ஒரு புனிதர் பேர் என்றாள் யானெத். அவரும் செத்தவர்தானே என்றார் மத்தியாஸ். உயிரோடு இருக்கிறவன் சாவான், செத்தவனைச் சொல்ல முடியாது. மனுஷன் பேரே ஆகாது என்று அங்கேயே முடிவானது.

அந்தத் துறையில் ஒரு ஆடு திரிந்துகொண்டிருந்தது. ஒரு கண் இல்லை. எங்கள் ஆடுகளுக்குக் காதில் வெட்டு இருக்கும். வெட்டைப் பார்த்தால் யார் வீட்டு ஆடு என்று தெரியும். அதன் காதில் ஒரு வெட்டும் கிடையாது. எங்கிருந்து வந்ததோ, யாருடையதோ. போன பருவத்தில் வெளியூர்க்காரி ஒருத்தியின் பையைத் திறந்து ரொட்டியோடு வெயில் களிம்பையும் தின்றுவிட்டு நின்றது. ஒடிலியாவுக்கு அந்த நேரத்தில் அதுதான் ஞாபகம் வந்தது. ஒற்றைக்கண் ஆட்டுத் துறை என்றாள். யானெத் திருப்புளியைக் கீழே போட்டுச் சிரித்தாள். யாருக்கும் சொந்தமில்லாத ஆடு, யாரும் கேட்டுக்கொண்டு வர முடியாது என்று மத்தியாஸும் ஒத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஒடிலியா உடனே ஊர் திரும்பவில்லை. யானெத்தின் கடைக்குப் பின்னால் தூளி கட்டிக்கொண்டு, விடிந்ததும் ஜீப்புகள் நிற்கிற சதுக்கத்துக்குப் போவாள். புறப்படக் காத்திருக்கிற ஒவ்வொருவரிடமும் போய், தயவுசெய்து உங்கள் கைபேசியில் இந்த ஒரு பேரை மாற்றச் சொல்லிவிட்டுப் போங்கள் என்று கெஞ்சினாள். சிலர் பணம் பறிக்கிற வேலை என்று பயந்து கைபேசியை உள்ளே வைத்தார்கள். சிலர் காரணம் கேட்டார்கள். காரணத்தைச் சொல்ல முடியாதே, பேர் தப்பாகப் போய்விட்டது என்று மட்டும் சொன்னாள். ஜீப் ஓட்டுகிறவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு. “என்ன ஒடிலியா, தேர்தல்ல ஆடு நிக்குதா? எந்தக் கட்சி?” என்றான் ஒருத்தன். நீ நின்றால் உனக்கு ஒரு ஓட்டு விழாது, ஆட்டுக்கு விழுகிறது பார் என்று சொல்லிவிட்டு அடுத்த ஜீப்புக்குப் போனாள். கேலி செய்தவர்களே பிறகு தங்கள் ஆட்களை அவளிடம் அனுப்பினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஒரு காலையில் யானெத் கடையைத் திறந்ததும் கைபேசியை ஒடிலியாவின் மூக்குக்கு நேராக நீட்டினாள். துறை இருந்த இடத்தில் ஆடு வந்துவிட்டது.

புதுச் சொல்லை மத்தியாஸ் எடுத்துக்கொண்டு போனார். கள்ளிமரத் துண்டுகள் பாதையோரம் ஒதுங்கின, கயிறு திரும்ப வந்தது, ஜீப்புகளும் வந்தன. ஒடிலியாவும் ஊர் திரும்பி மூச்சு விட்டாள். அந்த மூச்சு உள்ளே போவதற்குள் மத்தியாஸ் மறுபடி வந்தார். இந்தத் தடவை சொல் எதுவும் கொண்டுவரவில்லை, வழியில் போகிறவர் மாதிரி வந்தார். பேரைக் கேட்டதும் எலியாசர் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாராம். “ஆடா?” அதற்குப் பிறகு பேசவே இல்லையாம். ஆனால் தூளியில் படுத்துக்கொண்டு யோசிக்கிறாராம். என் தங்கச்சி மகன் படகு கட்டின இடத்தை ஒரு குருட்டு ஆட்டுக்குக் கொடுத்தால், அவன் மதிப்பு ஒரு குருட்டு ஆட்டு மதிப்பு என்றுதானே ஆகிறது என்று நேற்று ராத்திரி வீட்டில் சொல்லியிருக்கிறார்.

“இது வழக்கா வந்தா மாலையோட போகாது, படகைத்தான் கேப்பாங்க. காதுல போட்டு வெக்கிறேன், அவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டு மத்தியாஸ் கைத்தடியை எடுத்துக்கொண்டார்.

இந்தக் கோணம் ஒடிலியாவுக்குத் தோன்றவே இல்லை. இப்போது தோன்றிய பிறகு வேறு எதுவும் தோன்றவில்லை. உன் வாயைச் சின்ன வயசிலேயே தைத்திருக்க வேண்டும், தூளி நெய்ய வராத கைக்கு அதாவது வந்திருக்கும் என்றார் சிஸ்தோ. அவள் படகில் தேங்கிய தண்ணீரை இறைக்கப் போனாள். படகு போனால் போகட்டும். பெர்னார்தா அக்கா என்ன நினைத்தாளோ, அவள் மகனை நான் ஆடாக்கினேன் என்று நினைத்தாளோ என்பதுதான் குடைந்துகொண்டே இருந்தது.

காற்று அடங்கிய ஒரு காலையில் ஜீப் வந்து நின்றது. வெளியூர்க்காரர்கள் மூன்று பேர் இறங்கினார்கள், ஒரு புருஷன் பெண்டாட்டி, கூட ஒரு சிவப்புத் தொப்பிக்காரி. அவர்களுக்குப் பின்னால், நீளங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பெர்னார்தா இறங்கினாள்.

பெர்னார்தா இதுவரை இந்தப் படகில் ஏறியதே இல்லை. யாரையும் பார்க்காமல் தண்ணீரில் இறங்கி நடந்து, படகில் ஏறி, முன்பக்கத்துப் பலகையில் கடலைப் பார்த்து உட்கார்ந்தாள். துறையை நேரில் பார்த்துவிட்டு வழக்கைச் சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று ஒடிலியா முடிவு கட்டிக்கொண்டாள். ஒன்றும் கேட்காமல் மோட்டாரைக் கிளப்பினாள்.

அன்றைக்குப் பூநாரைகள் நிறைய இருந்தன. ஆழமில்லாத தண்ணீரில் தலையைக் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருந்தவை, படகுச் சத்தம் கேட்டதும் மொத்தமாக எழும்பின. சிவப்புத் தொப்பிக்காரி கையைத் தட்டினாள். அலையாத்திக் காட்டில் மோட்டாரை நிறுத்தி, துடுப்பால் தள்ளிக்கொண்டு போனாள் ஒடிலியா. வேரில் ஒட்டிக்கொண்டிருந்த சிப்பிகளைக் கையால் மட்டும் காட்டினாள். கிழவன் தலையைச் சும்மா ஒரு பாறை என்றாள். மணல்மேட்டில் மூன்று பேரும் ஏறி, கடல்வரைக்கும் சறுக்கி விழுந்து, மணலைத் துப்பிக்கொண்டு திரும்பி வந்தார்கள். அந்த நேரம் முழுவதும் படகில் இரண்டு பெண்களும் தனியாக இருந்தார்கள். பெர்னார்தா திரும்பவில்லை. ஒடிலியா தேவையில்லாமல் பெட்ரோல் குழாயைக் கழற்றித் துடைத்து மாட்டினாள்.

துறைக்குள் படகு நுழைந்ததும் தொப்பிக்காரி கைபேசியைப் பார்த்தாள், கரையைப் பார்த்தாள். ஆடு இல்லை. ஆடு எங்கே, ஆட்டைப் பார்க்கத்தானே வந்தோம் என்று கேட்டாள். பெர்னார்தா அப்போதுதான் முகத்தைத் திருப்பினாள்.

“என்ன கேக்கிறா?”

எத்தனையோ நாளுக்கு அப்புறம் அவள் ஒடிலியாவிடம் பேசியது அதுதான்.

“ஆட்டைக் கேக்கிறாங்கக்கா.” ஒடிலியா மோட்டாரை நிறுத்தினாள். “அக்கா, நான் அந்த அர்த்தத்துல...”

பெர்னார்தா கையமர்த்தினாள். இறங்கி, பாறைக் குடையின் நிழலுக்குப் போய், மணலில் காலை நீட்டி உட்கார்ந்தாள். மகன் தன் படகை இழுத்துப் போட்ட இடம் அதுதான். வெளியூர்க்காரர்களையும் உட்காரச் சொல்லிக் கை காட்டினாள்.

“ஆட்டைப் பத்தி நான் சொல்றேன். நீ அவங்க பாஷையில சொல்லு.”

ஒடிலியா தலையாட்டினாள்.

“அதுக்குக் குட்டியிலேருந்தே தண்ணின்னா பைத்தியம். நிக்கப் பழகறதுக்கு முன்னாடியே கடலுக்குள்ள போயிடும். நான்தான் காலைப் பிடிச்சு இழுத்துட்டு வருவேன்.”

ஒடிலியா அதை ஸ்பானிஷில் சொல்ல ஆரம்பித்து, பாதியில் நின்றாள். பெர்னார்தாவைப் பார்த்தாள். பெர்னார்தா கடலைப் பார்த்தபடி, சொல்லு என்றாள். ஒடிலியா சொல்லி முடித்தாள். மூன்று பேரும் சிரித்தார்கள், ஆடு நீந்துமா என்றார்கள்.

“நீந்துமாவா. அடிக்குப் போய் சிங்கி இறால் எடுத்துட்டு வரும். பெருசு பெருசா எடுக்கும், எனக்கு மட்டும் சின்னதைக் கொண்டாந்து குடுக்கும். பெருசு எங்கடான்னா, இன்னிக்குக் கடல்ல பெருசே இல்லம்மான்னு பொய் சொல்லும். மூஞ்சிய மட்டும் ரொம்ப நல்லவனாட்டம் வெச்சுக்கும்.”

புருஷன்காரன் விழுந்து விழுந்து சிரித்தான். இந்த ஊர்க் கதைகள் பிரமாதம் என்றான். பெர்னார்தாவும் லேசாகச் சிரித்தாள். ஆடு தூளியில் வாயைத் திறந்துகொண்டு தூங்கும் என்றாள். திட்டினால் கோபமே வராது, இன்னும் கிட்டே வந்து உட்காரும் என்றாள். ஒரு தடவை ஆறு மாதம் ஒரு பெண் பின்னால் சுற்றி, கடைசியில் அவளுடைய அண்ணனிடம் உதை வாங்கிக்கொண்டு வந்தது என்றாள். ஒடிலியா ஒவ்வொன்றையும் ஸ்பானிஷில் சொன்னாள். அந்த உதையின்போது காயத்துக்குத் துணி கட்டியவள் அவள்தான். கண்ணில் நீர் நிற்காமல் வழிந்தது. வெயில் என்று நினைத்துத் தொப்பிக்காரி தன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி நீட்டினாள்.

பிறகு அவளே கேட்டாள், அந்த ஆட்டுக்கு என்ன பேர் என்று. ஒடிலியா தயங்கித் தயங்கி அதை வயூ மொழியில் சொன்னாள்.

“பேர் கிடையாதுன்னு சொல்லு. ஆடுதானே.”

சொன்னாள். சரி, இப்போது எங்கே அது, காணோமே என்றாள் தொப்பிக்காரி. ஒடிலியா இதை மொழிபெயர்க்கவில்லை. மணலைக் கிளறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெர்னார்தாவுக்குக் கேள்வி விளங்கிவிட்டது.

“செத்துடுச்சுன்னு சொல்லு” என்றாள். “மழைக்காலத்துல, சந்தைக்குப் போன எடத்துல. வீட்டுக்கு வர்ற வழியில. ஆட்டைச் சொல்லலாம், சொல்லு.”

ஒடிலியா சொன்னாள். அந்த மூன்று பேரும் சிரிப்பை நிறுத்தினார்கள். தொப்பிக்காரி பெர்னார்தாவின் கையைப் பிடித்து, ஐயோ பாவம், ரொம்பப் பிரியமாக வளர்த்தீர்கள் போல என்றாள். அதை ஒடிலியா பெர்னார்தாவுக்குச் சொன்னாள். பெர்னார்தா அந்தக் கையை விடவில்லை. ஆமாம் என்றாள், அவளுக்குத் தெரிந்த ஒரே ஸ்பானிஷ் வார்த்தையில்.

திரும்பிப் போக வெளியூர்க்காரர்கள் படகில் ஏறிவிட்டார்கள். பெர்னார்தா மட்டும் எழுந்திருக்கவில்லை. கை கொடுத்துத் தூக்க வந்த ஒடிலியாவை நிமிர்ந்து பார்த்தாள்.

“எலியாசர்கிட்ட நான் பேசிக்கிறேன். நீ இந்தப் பேரை மட்டும் மாத்திடாத. எனக்கு ஆட்டைப் பத்தி இன்னும் நிறையச் சொல்ல வேண்டியிருக்கு.”